பறக்க முடியும், கட்டுப்படியாகுமா?
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேற்றிரவு ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, சிங்கப்பூர்லேர்ந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நடுவுல நிக்காம எத்தனை மணி நேரத்துல போகலாம்?" இன்றைக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

தூரத்தை நாமே கணக்குப் போடலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரி, நியூயார்க் மேற்கு 74. இரண்டும் சேர்ந்து 178. அதாவது பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. ஆக 138. டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் சுமார் 15,350 கிலோமீட்டர். சுவர் மேப்பில் ஸ்கேல் வைத்தால் இது வராது. உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்க, வரும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் 17 மணி நேரம். அட்டவணையிலோ 18 மணிக்கும் மேல். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். பல நாட்களில் குறுகிய வழியையே விட்டுவிட்டு, பசிபிக் கடல் மேல் சுற்றிப் போகிறார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுமே! தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

இனிதான் நமக்கான பாடம். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். 2004-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு நான்கு என்ஜின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை நிற்காமல் விட்டது. முதலில் 181 இருக்கைகள். 2008-இல் அதையே 100 உயர்வகுப்பு இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் 2013-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. விமானத்தில் கோளாறு இல்லை. எரிபொருள் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. 2018-இல் இரண்டே என்ஜின் கொண்ட ஏ350 வந்த பிறகுதான் அந்த வழி மறுபடி திறந்தது. 161 இருக்கைகள், 1,65,000 லிட்டர் எரிபொருள். 2020 நவம்பரில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் சேவை தொடங்கியது.

என் கதையும் இதேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாயப்பட்டறைக்கு பம்ப் வடிவமைத்தேன். சோதனையில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் மாதம் முதலாளி கூப்பிட்டார். "பம்ப் நல்லாத்தான் ஓடுது தம்பி. கரண்ட் பில்தான் கட்ட முடியல" என்றார். கழற்றி வைத்துவிட்டார். அன்று நான் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை.

தம்பி தங்கைகளே, "செய்ய முடியுமா?" என்பது பாதிக் கேள்விதான். "தொடர்ந்து ஓட்டக் கட்டுப்படியாகுமா?" என்பது மீதிப் பாதி. இரண்டையும் முதல் நாளே கேளுங்கள். நான் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்டேன்.