வளைவுக்கு அப்பால் வரும் வண்டி

நீலகிரியில் சாலை விபத்து என்றதும் நினைவுக்கு வருபவை பெரிய மலைப்பாதைகள்தான். 2018 அக்டோபரில் கல்லட்டி மலைப்பாதையில் சென்னைக் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே, தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அப்போது நாடே அந்த வளைவைப் பற்றிப் பேசியது. ஆனால் கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரிக்கும், அங்கிருந்து சோலூர்மட்டம், கரிக்கையூர்ப் பக்கமும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒடுங்கிய சாலைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளும், இலை பறிக்கப் போகும் பெண்களும், பச்சைத் தேயிலை மூட்டைகளும், பிரசவத்துக்கு விரையும் 108 வண்டியும் போவது அவற்றில்தான். அங்கே ஒரு பைக் சறுக்கி ஒருவர் இறந்தால், மறுநாள் நாளிதழில் ஒரு மூலையில் நான்கு வரி வரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூறு சாவில் ஏறத்தாழ 36 தேசிய நெடுஞ்சாலைகளில், 24 மாநில நெடுஞ்சாலைகளில். மீதி 39-க்கும் மேல், இந்த இரண்டிலும் சேராத ‘பிற சாலைகளில்’. நகரத் தெருக்களும் இதில் அடக்கம் என்பது உண்மை. பிற சாலைகளின் மொத்த நீளம் பல மடங்கு அதிகம், கிலோமீட்டருக்கு இத்தனை சாவு என்று வகுத்தால் நெடுஞ்சாலைதான் கொடியது என்று ஒருவர் சொன்னால் அதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வகுத்தல் ஒன்றைத்தான் காட்டுகிறது: பிற சாலைகளில் ஆபத்து ஓரிடத்தில் குவியாமல் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. சிதறிய ஆபத்துக்கு ஒரே ஒரு பெரிய திட்டம் மருந்தாகாது. ஊர்தோறும், வளைவுதோறும் சிறு சிறு வேலைகள் வேண்டும்.

‘சாலையை அகலமாக்கினால் தீர்ந்துவிடுமே’ என்பதுதான் நாம் அடிக்கடி கேட்கும் பதில். சமவெளியில் அது ஓரளவு பொருந்தலாம். மலையில் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். அகலப்படுத்துவது என்றால் சரிவின் அடியை வெட்டுவது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த மாவட்டம் கண்ட நிலச்சரிவுகளை யாரும் மறந்திருக்க முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், சாலைகள் துண்டாயின. இன்னொன்று, அகலமும் வழவழப்பும் கூடினால் வேகமும் கூடும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத சாலையில், கூடுகிற வேகத்தால் யாருக்கு லாபம்? நேரம் மிச்சமாகிறது என்பார்கள். கோத்தகிரி போய்ச் சேர ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆவதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

ஆகவே, கேட்க வேண்டியது அகலத்தை அல்ல, சாலையின் ஓரத்தை. மலைச்சாலையில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் ஓரத்தில்தான். பழைய தாரின் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. விளைவு, ஓரத்தில் ஒரு படிக்கட்டு. எதிரே வரும் லாரிக்கு வழிவிட ஒதுங்கும் பைக்கின் சக்கரம் அந்தப் படியில் இறங்கினால் திரும்ப ஏறாது. அதே கணக்கில், முன்பு இடுப்பளவு இருந்த தடுப்புச் சுவர் முழங்காலளவுக்குக் குறைகிறது. தார் ஏற ஏறச் சுவர் குள்ளமாவதை ஒப்பந்தக்காரரும் அளப்பதில்லை, மேற்பார்வையாளரும் அளப்பதில்லை. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய அடுக்கு போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுந்த அறிவுரை அது. மலைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஓரத்து மண்ணை நிரப்பி இறுக்குவது, கால்வாய் அடைப்பை மழைக்கு முன் எடுப்பது, வளைவின் உள்பக்கத்துப் புதரையும் பார்வையை மறைக்கும் தேயிலைச் செடியையும் கழிப்பது, மேகமூட்டத்திலும் தெரிகிற ஒளிரும் பட்டையும் குவி கண்ணாடியும் வைப்பது, இவற்றில் எதற்கும் கோடிகள் வேண்டியதில்லை. கழித்த புதர் அடுத்த மழையில் மறுபடி வளரும் என்பது நிஜம். அதனால்தான் இது ஒருமுறைத் திட்டமாக இல்லாமல் ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பாக இருக்க வேண்டும்.

‘ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் போதாதா?’ நியாயமான கேள்விதான். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி வருபவரை எந்தச் சுவரும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆனால் ஒழுங்குக்கும் இடம் வேண்டும். மலைச்சாலையில் மேடு ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ள விதி. வழிவிட ஒதுங்கும் இடமே இல்லாத ஒற்றைச் சாலையில் அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது? சாலை முழுதும் அகலமாக வேண்டாம். பார்வை எட்டும் தூரத்துக்கு ஒன்றாக, இரண்டு வண்டி விலகிக்கொள்ளும் இடம் இருந்தால் போதும். தவறான வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ உயிர் போனால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு சொல்கிறது. சாவுக்குக் காரணம் ஓட்டுநர் மட்டுமல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

பாதுகாப்புப் பேச்சில் யாரும் சேர்க்காத ஒன்று பேருந்து. தோட்டவேலைக்கும் காய்கறி அறுவடைக்கும் ஆட்களைப் பிக்கப் வண்டியின் பின்னால் நிற்க வைத்து ஏற்றிப் போவது சட்டப்படி குற்றம். அபராதம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் காலை ஏழு மணிக்குப் பேருந்து இல்லாத ஊரில் அந்தப் பெண்கள் வேறு எதில் போவார்கள்? 2021-இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. டிக்கெட் இலவசமானால் மட்டும் போதாது, வேலை நேரத்துக்கு வண்டி வர வேண்டும். நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து பத்து எச்சரிக்கைப் பலகையை விட மேலானது என்பது என் கருத்து.

இந்த மலைச்சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, சில ஊராட்சி ஒன்றியத்துடையவை, சில எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை. எது யாருடையது என்று தெரியாததால்தான் பல மனுக்கள் மேசை விட்டு மேசை போகின்றன. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ‘சாலை சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த வளைவு, எங்கே ஓரம் இறங்கியிருக்கிறது, எங்கே சுவர் குட்டையாகிவிட்டது, அந்தச் சாலை யார் பொறுப்பு என்று இடம் குறித்து எழுதிக் கொடுங்கள். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.