இறுகிய நட்டும் பொறுமையும்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் பணிக்குச் சென்று வருபவன் நான். என்னிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டி அது. சிறு பழுதுகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வது என் வழக்கம். எங்கள் பகுதிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அதற்கப்பால் வங்கக் கடல். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்ற முனைந்தேன். நட்டு அசையவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பேனரைக் கொண்டு மூச்சைப் பிடித்துத் திருகினேன். நட்டின் முனைகள் மழுங்கின; குழாயும் முறுக்கிக்கொண்டது; பெட்ரோல் சொட்டத் தொடங்கிற்று. சூடு காட்டினால் இளகும் என்றெண்ணி, ஊதுவிளக்கை எடுக்க எழுந்தேன். தெருவோடு வந்த முதிய மெக்கானிக் ஒருவர், “தம்பி! காரைப் பழுது பார்க்கிறீர்களா, வீட்டைக் கொளுத்தப் போகிறீர்களா?” என்றார். அன்று அவர் வராதிருந்தால், இன்று நான் உங்களோடு பேசிக்கொண்டிருப்பேனா என்பது ஐயமே.

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழாது தரையோடு படரும். எட்டத்திலுள்ள அடுப்பையும் எட்டிப் பிடிக்கும். ஆதலால், எரிபொருட் குழாயருகே நெருப்பு என்ற பேச்சே கூடாது.

நட்டு இறுகுவானேன்? துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளின் இடுக்கில் அது பருத்து, இரண்டையும் கவ்விக்கொள்கிறது. அதனை முரட்டு வலிமையால் வெல்ல இயலாது.

பெரியவர் கற்பித்த முறை இதுதான். எஞ்சின் ஆறியபின், காற்றோட்டமான வெளியில், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குக. தீயணைக்கும் பொடிக்கலம் அருகில் இருக்கட்டும். அழுக்கையும் துருவையும் துலக்கி, துருவுக்குள் ஊடுருவும் மெல்லிய எண்ணெயை விட்டு, ஓர் இரவு பொறுத்திருங்கள். மறுநாள் இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும். ஒன்று, நட்டு பொருந்தியுள்ள பாகத்தை அசையாது பிடிப்பதற்கு. மற்றொன்று, குழாய் நுழைவதற்கென ஒரு பக்கம் திறந்த வளைய ஸ்பேனர். அது நட்டின் பெரும்பாலான முகங்களைத் தழுவிப் பிடிப்பதால் முனை எளிதில் மழுங்காது. முதலில் சற்றே இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு தளர்த்துங்கள். குழாயும் உடன் சுழன்றால் உடனே நிறுத்தி, மீண்டும் எண்ணெய் விடுங்கள். முறுக்கிய குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது. புதியதையே பொருத்த வேண்டும். பொருத்தும்போதும் முதற் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கசிவில்லை என்று கண்ட பின்னரே பயணம்.

இவ்வளவுக்கும் ஓர் இரவு கூடுதலாகச் செலவாகும். எனது அவசரமோ ஒரு குழாயைப் பறித்தது. வீட்டையும் பறிக்கப் பார்த்தது. இறுகியதை இளக்குவது எண்ணெய்தான் என்றாலும், அதற்கு வேண்டிய நேரத்தைத் தருவது நம் பொறுமையே.