எண்ணிப் பார்த்தியா?



மூன்றாம் ஆண்டு லேபில் ஆசிலாஸ்கோப் திரையில் கோடு தடித்துத் தெரிந்தது. "வெறும் நாய்ஸ் சார்" என்றேன். "எண்ணிப் பார்த்தியா?" என்றார் ஆசிரியர். டைம்பேஸைத் திருகி விரித்துக் காட்டினார். அத்தனையும் சீரான அலைகள், ஒவ்வொன்றாக எண்ணலாம்! நம் பால்வீதியின் மையத்திலும் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. நான் எலக்ட்ரானிக்ஸ்காரன், பிழை இருந்தால் பிசிக்ஸ் துறையினர் பொறுத்தருள்க.

அந்த மையம் தனுசு ராசிப் பக்கம், சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நடுவில் ஒரே தூசி. கண்ணுக்குத் தெரியும் ஒளி வராது. வலுவான எக்ஸ் கதிர் ஊடுருவி வந்துவிடும். அப்படிப் பார்த்ததில் மையத்தைச் சுற்றியும் பால்வீதித் தளத்தை ஒட்டியும் பனிமூட்டம் போல ஓர் ஒளிர்வு. 1987-ல் ஜப்பான் ஏவிய கிங்கா செயற்கைக்கோள், மையப்பகுதி மூட்டத்தில் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பின் கோட்டைக் கண்டது. 26 எலக்ட்ரான்களில் 24-ஐப் பறிகொடுத்த இரும்பு! அதற்குப் பல கோடி டிகிரி சூடு வேண்டும்.

அப்படியானால் கொதிக்கும் வாயு என்றார்கள். இங்கேதான் சிக்கல். அவ்வளவு சூடான வாயுவைப் பால்வீதியின் ஈர்ப்பு கட்டி வைக்க முடியாது, ஓடிப்போய்விடும். ஓடுவதை ஈடுகட்ட ஓயாமல் சூடேற்றுவது யார்? கணக்கு உதைத்தது. மூட்டமே கிடையாது, மங்கலான நட்சத்திரக் கூட்டம்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

1999-ல் நாசா ஏவிய சந்திரா தொலைநோக்கிக்குக் கூர்மையான கண். மையத்திலிருந்து ஒன்றரை டிகிரி போலத் தள்ளி, ஒரு துண்டு வானத்தை மொத்தம் 12 நாள் அளவுக்கு உற்றுப் பார்த்தது. 2009-ல் முடிவு வெளியானது: இரும்புக் கோட்டை ஒட்டிய ஒளிர்வில் 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனிப் புள்ளிகள். துணை நட்சத்திரத்தின் பொருளை இழுத்து விழுங்கும் வெள்ளைக் குள்ளர்களும், துடிப்பான வெளிமண்டலம் கொண்ட சாதாரண நட்சத்திரங்களும்தான். எண்ணிவிட்டார்கள் சார்!

சந்திரா என்பது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்து போகும் வழியில் கப்பலில் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டது இதே வெள்ளைக் குள்ளர்களைப் பற்றித்தான். 1995-ல் காலமானார், இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் மையத்துக்கு வெகு அருகில் வழக்கு முடியவில்லை. அங்கே மூட்டம் இன்னும் அடர்த்தி. தெரிந்த நட்சத்திரங்களைக் கழித்தாலும் மிச்சம் விழுகிறது. நிஜமான வாயுவா, எண்ணப்படாத குள்ளர்களா? நான் குள்ளர் கட்சி. பந்தயம் மட்டும் கட்டமாட்டேன்.

அந்த ஆசிரியர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். சார், அந்த மிச்சத்தை நான் நாய்ஸ் என்று சொல்லவில்லை!