படியேறும் முன் உடலைப் பழக்குவோம்

(சின்னாளப்பட்டியில் மூத்த அடியார்களுக்கு ஆற்றிய உரை)



தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல் சாலைகளெங்கும் பழநிப் பாதயாத்திரை அடியார்களைக் காண்கிறோம். நாமும் நடக்க வேண்டும் என்னும் ஆவல் நமக்கும் எழுகிறது. அந்த ஆவல் நன்று. ஆயினும் அதற்கு உடல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

என் தந்தையார் இவ்வூர் நெசவாளர். 68ஆம் வயதில், முன்பயிற்சி ஏதுமின்றிப் பழநிக்கு நடந்தார். 693 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்தார். இறங்கும்போது முழங்கால் தளர்ந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் பழநிக்குச் செல்லவே இயலவில்லை.

காரணம் யாது? குழித்தறியில் கால்கள் மிதியை அழுத்துகின்றன. உடலின் எடையைத் தாங்குவதில்லை. முதுமையிலோ தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது, உடலின் சமநிலை குறைகிறது. படியிறங்குகையில் முழு எடையையும் தாங்க வேண்டியவை தொடைத் தசைகளே.

65 வயது கடந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், மூன்று நாட்களேனும் வலிமை, சமநிலைப் பயிற்சிகளும் செய்தல் நலம் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

அதனை எளிதாகவே தொடங்கலாம். காலையில் 10 நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டுக. பேசிக்கொண்டே நடக்க இயலுமாயின் அதுவே ஏற்ற வேகம். சுவரோரம் இட்ட உறுதியான நாற்காலியில் பத்து முறை எழுந்து அமர்க. சுவரைப் பற்றியவாறு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்க.

இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோர் முதலில் மருத்துவரைக் கேட்டறிக. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக. வெளியே செல்ல இயலாதோருக்கு, தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறைச் சிகிச்சை இல்லத்திற்கே வருகிறது.

படியேற இயலாவிடில் வருந்தற்க. பழநியில் 1966 முதல் விஞ்ச் எனப்படும் மின் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப்காரும் உள்ளன. அவற்றில் செல்வதால் பக்தி குறைந்துவிடாது.

உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அக்கோயிலைப் பேணுவதும் வழிபாடே. தைப்பூசத்திற்கான நடையை இன்றே நம் வீதியில் தொடங்குவோம்.