மின்சார சைக்கிள்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை
(மோதி பாக்கில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2018-ல் பிங்க் லைன் மெட்ரோ மோதி பாக்குக்கு வந்தது. ஆனால் நம்மில் பலருக்கு ஸ்டேஷன் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் நடக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஸ்கூட்டர் வேண்டாம் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போகக்கூட யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்று காத்திருக்கிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள அங்கத்தினர்களுக்கும் இதே நிலைதான். சுயமாக வெளியே போய்வருவது நின்றுவிட்டால் மனசு சோர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

1970-களில் இந்தக் காலனிகளிலிருந்து செக்ரடேரியட்டுக்கு சைக்கிளில் போனவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். சாந்தி பத் சமதரையில் சிரமம் தெரியாது. ரெய்ஸினா மேடு வந்ததும் மூச்சு வாங்கும். காரணம் எளிய பௌதிகம். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 60 வாட் சக்தி போதும். நூறடிக்கு மூன்றடி உயரும் மேட்டில் அதே வேகத்துக்கு இன்னும் 120 வாட் வேண்டும். இந்த அதிகப்படி சுமையைத்தான் மோட்டார் ஏற்கிறது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. கடைக்காரர் முதலில் வேகத்தையும் தூரத்தையும் சொல்வார். நம் வயதில் முதலில் பார்க்க வேண்டியது ஏறுவதும் இறங்குவதும் தான். நடுவில் குறுக்குக் குழாய் இல்லாத, 'லேடீஸ் சைக்கிள்' அமைப்பையே ஆண்களும் கேட்டு வாங்குங்கள். காலைத் தூக்கிப் போட வேண்டாம். வேஷ்டிக்கும் புடவைக்கும் அதுவே சௌகரியம். நிற்கும்போது இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் பட வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஹேண்டில் உயர்ந்து, முதுகு நிமிர்ந்திருந்தால் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்காது. சற்று அகலமான டயர் குண்டு குழியின் அதிர்ச்சியைக் குறைக்கும்.

அடுத்தது, புறப்படும் விதம். 1993-ல் ஜப்பானில் யமஹா நிறுவனம் 'பாஸ்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கும் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ற அளவு மோட்டார் உதவும் முறை அது. இதற்கு டார்க் சென்சார் என்று பெயர். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். அதில் மோட்டார் சற்றுத் தாமதித்துத் திடீரென்று தள்ளும். நெரிசலில் அது நம்மைத் தடுமாற வைக்கும். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, எடை. இத்தகைய சைக்கிள்கள் பல 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கு இதைத் தூக்க முடியாது. பூட்டி நிறுத்தக் கீழே இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். பாட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோக முடிவது அவசியம்.

பாட்டரிக் கணக்கை நீங்களே போடலாம். 36 வோல்ட்டை 7.5 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 270 வாட் மணி, அதாவது கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். கிலோமீட்டருக்குப் பத்து வாட் மணி என்று வைத்தால் 27 கிலோமீட்டர் ஓடும். குளிரிலும் பாட்டரி பழசாகும்போதும் இது குறையும். ஆகவே தேவையைப்போல் இரண்டு மடங்கு இருப்பதாக வாங்குவது உத்தமம். டெல்லி வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள், ஆறவிடுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே, வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் உபயோகியுங்கள்.

சட்ட விஷயம் மிக முக்கியம். மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. 'லாக்கை எடுத்துத் தருகிறேன், 40-ல் போகும்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த நிமிஷம் முதல் அது பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு நம் தலையில் விழும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் ஹெல்மெட் அணியுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களும், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் தினம் போகும் வழியைப் போன்ற பாதையில், ஒரு மேடு ஏறி இறங்கி, அரை மணி ஓட்டிப் பாருங்கள். பத்து தடவை நின்று புறப்படுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டும் சிறிது தூரம் மிதியுங்கள். பாட்டரி தீர்ந்தால் வீட்டுக்கு வந்து சேர முடியுமா என்பது அதில் தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.