பழைய பேசிக்கை விடலாமா?

கடையில் பில் போடும் புரோகிராம், பள்ளியில் கட்டணம் வாங்கும் புரோகிராம் என்று பலவற்றை எழுத உதவியது, 1998இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த விஷுவல் பேசிக் 6. திரையில் ஒரு பட்டனை இழுத்து வைத்து, அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதினால் வேலை முடிந்தது. அதில் எழுதியதை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. புதியதற்கு மாறலாமா என்று யோசிக்கும் அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

2002இல் விஷுவல் பேசிக் டாட் நெட் வந்தது. பெயரைப் பார்த்து, பழையதன் அடுத்த பதிப்பு என்று நம்பியவர்கள் திகைத்துப்போனார்கள். பழையதில் இன்டிஜர் என்றால் இரண்டு பைட். 32,767க்கு மேல் தாங்காது. புதியதில் அதே இன்டிஜர் நான்கு பைட். அதனால் என்ன என்று தோன்றும். பழைய புரோகிராம் சரக்கு இருப்பை இரண்டிரண்டு பைட்டாகக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அதே வரியைப் புதியதில் அப்படியே எழுதினால், நான்கு நான்காக அள்ளிப் படிக்கும். அரிசி பத்து மூட்டை, அடுத்து உளுந்து ஐந்து மூட்டை என்று இருந்தால், இரண்டும் சேர்ந்து 3,27,690 மூட்டை என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது! மாற்றித் தர ஒரு கருவியையும் கூடவே கொடுத்தார்கள். இன்டிஜரை ஷார்ட் என்று திருத்தும் விவரம் அதற்கு இருந்தது. தீராததையெல்லாம் குறிப்பு எழுதி நம் தலையில் கட்டிவிடும். 2010 பதிப்பில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள்.

ஓடும் புரோகிராமை நிறுத்தி, தப்பான வரியைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து ஓட்டும் வசதி பழையதில் இருந்தது. புதியதில் அது 2005இல்தான் வந்தது. அதுவரை பொறுத்தவர்களை நான் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன்.

பழையதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதே என்று பயமுறுத்துவார்கள். முடிந்தது எழுதும் கருவிக்கான ஆதரவு. எழுதிய புரோகிராம் ஓடத் தேவையான அடிப்படைக் கோப்புகள் விண்டோஸ் 11இலும் உண்டு.

நம் ஊரைப் பொறுத்தவரை, மாறுவதற்கு வலுவான காரணம் தமிழ்தான். பழைய பேசிக்கின் பெட்டிகளிலும் பட்டன்களிலும் யூனிகோடு தமிழ் வராது, கேள்விக்குறிகள்தான் வரும். அதனால் தனி எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றினார்கள். 2010இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் செல்போனில் தட்டி அனுப்பும் பெயர் அப்படியே பில்லில் வர வேண்டுமா? டாட் நெட்டுக்குப் போய்விடுங்கள். ஆங்கில பில்லே போதும் என்பவர் பழையதை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் வேலையை மட்டும் புதியதில் எழுதலாம்.

இதற்கெல்லாம் முன்பாக, மூல நிரல் கையில் இருக்கிறதா பாருங்கள். சில கடைகளில் ஓடும் புரோகிராம் மட்டுமே இருக்கும். எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தக் கடைக்காரர்களுக்கு மாறலாமா என்ற கேள்வியே இல்லை, முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.