எங்க வீட்டுக்குத் தண்ணி வந்த வழி: செஞ்சியில் ஒட்டுப்போர்வைக் கண்காட்சிக்குத் தலைப்பு தேடுவோம்

(உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக இந்தப் பேச்சு. தையல் தெரிந்தவர்கள், ஊசியில் நூல் கோர்ப்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள், ரெண்டு தரப்புக்கும்தான். ஊரே சேர்ந்து ஒரு ஒட்டுப்போர்வைக் கண்காட்சி வைக்கலாம்னு முடிவெடுத்தால், உடனே வருகிற கேள்வி ஒன்று: தலைப்பு என்ன?

பந்தல், விளக்கு, அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் முன்னாடி இதைப் பேசி முடிக்கணும். யார் தைக்க வருவாங்க, யார் ‘நமக்கு இதெல்லாம் வராதும்மா’ன்னு ஒதுங்கிப் போவாங்க என்பதைப் பாதிக்கு மேல் தலைப்புதான் தீர்மானிக்கிறது.

ஒட்டுப்போர்வைன்னா என்ன?

ஆங்கிலத்தில் குயில்ட் என்கிறார்கள். பெயர்தான் புதுசு. பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடிச்சு, ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்குக் கீழே விரிப்போமே, அதுதான் இதோட அடிப்படை. மேல் மடிப்பில் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு ஒரு வடிவம் கொண்டுவந்தால் ஒட்டுப்போர்வை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குக் கட்டுகிற தொம்பையும் துணி மேல் துணி வைத்துத் தைக்கிற வேலைதான். 2019 ஜனவரியில் இந்தப் போர்வைகளுக்கென்றே சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் என்று ஒரு கண்காட்சி நடந்தது. சென்னையில் நடந்தது செஞ்சியிலும் நடக்கலாம்.

மற்ற ஊர்க்காரங்க எப்படிச் செய்தாங்க?

மூணு இடத்துக் கதையைச் சொல்றேன். மூணிலும் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கு.

கர்நாடகாவில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கிற போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டி வரைபடம் கிடையாது. கையில் இருக்கிற துணிதான் அடுத்த துண்டு என்னன்னு சொல்லும். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையான போர்வை இல்லை. ஆளாளுக்கு விருப்பப்படி தைத்தாலும், அந்த மூலைப் பூ எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக்கிவிடுகிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர் வாழும் ஊர். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவர் வயல்வேலைக்குப் போட்ட உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெளுத்துப்போன, தேய்ந்துபோன துணி. அந்த ஊர்ப் போர்வைகள் பிறகு பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. புதுத் துணி வாங்கிய பணத்தால் கிடைத்த மதிப்பு இல்லை அது.

மூணாவது, 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வை. நோயால் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. அளவு எல்லாருக்கும் ஒன்று: 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறையின் அளவு. அதற்குள் என்ன தைப்பது என்பது குடும்பத்தின் விருப்பம். அன்றைக்கு 1,920 துண்டுகள் இருந்தன. இன்று சுமார் 50,000. அளவைக் கட்டிப்போட்டார்கள், உள்ளடக்கத்தை அவிழ்த்துவிட்டார்கள். நாமும் அப்படித்தான் செய்யணும்.

கோட்டையையே தலைப்பாக வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. 2025 ஜூலை 11-ல் பாரிஸில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ நம்ம கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டுக்கு செஞ்சி ஒன்றுதான். பெருமைப்படவேண்டிய விஷயம்.

ஆனால் ‘செஞ்சிக்கோட்டை’ என்று தலைப்பு வைத்துப் பாருங்க. 40 போர்வை வந்தால் அதில் 35 ராஜகிரி மலையாக இருக்கும். வரையத் தெரிந்தவர்கள் ஜெயிப்பார்கள். தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

‘ராஜா தேசிங்கு’ என்று வைக்கலாமா? 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இளம் வயதிலேயே உயிர்விட்டவர். அவர் கதை தெரியாத வீடு இந்தப் பக்கம் இல்லை. ஆனால் ஒரு அரசனைத் தலைப்பாக்கினால் மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? கோனார்கள் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டை இது. விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே வேங்கடரமணர் கோயிலும் இருக்கு, சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கு. பக்கத்தில் மேல்சித்தாமூரில் சமண மடம். ஒரு அரசனின் பெயரைச் சொன்னால், ‘இது எங்க கதை இல்லை’ என்று ஏதோ ஒரு தெரு கதவைச் சாத்திக்கொள்ளும். ஊர்க் கண்காட்சிக்கு அந்த இழப்பு தாங்காது.

தலைப்பைச் சோதிக்க மூணு கேள்வி

எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த மூணையும் கேளுங்க.

1. இதற்கான துணி வீட்டிலேயே இருக்கா? கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கித்தான் தைக்கணும்னா, கூலி வேலைக்குப் போகிறவர்கள் கலந்துகொள்ள மாட்டார்கள்.

2. எல்லாத் தெருவுக்கும் இதில் சொல்ல ஒரு கதை இருக்கா?

3. 40 பேர் தைத்தால் 40-ம் வேற வேறயாக இருக்குமா?

இந்த மூணிலும் தேறுகிற தலைப்பு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்: ‘எங்க வீட்டுக்குத் தண்ணி வந்த வழி.’

செஞ்சியின் கதையைத் தண்ணீர் வழியாகவே சொல்லிவிடலாம். 1690-லிருந்து 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி நின்றது. மலைமேல் சுனையும் குளமும் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியுமா? கல்யாண மகாலின் மேல்மாடிகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். செட்டிகுளம், சக்கரக்குளம், ஆனைக்குளம் என்று பெயர்களே வரிசை கட்டி நிற்கின்றன. செஞ்சி மலைகளில் பிறந்து புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போகிற சங்கராபரணி ஆறு இருக்கு.

கோட்டையை விட்டு வீட்டுக்கு வாங்க. கிணற்றில் வாளி இறைத்த பாட்டி. தெருக்குழாயில் விடியற்காலையிலேயே வரிசையில் குடம் வைத்துவிட்டுத் தூங்கப்போன அம்மா. அடிபம்பில் தொங்கித் தண்ணி அடித்த சின்னப் பிள்ளைகள். லாரித் தண்ணி. வீட்டுக்கே குழாய் வந்த நாள். எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும்.

தண்ணீர் எப்போதும் நல்லபடியாக மட்டும் வந்ததில்லை. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பக்கத்தில் இருக்கிற மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் இருந்த துணிவரைக்கும் நனைந்துபோச்சு. சேற்றுக்கறை போகாத புடவை ஒன்று உங்கள் வீட்டில் இன்னும் இருக்கலாம். அந்தக் கறையை மறைக்கவேண்டாம். அது தெரிகிற மாதிரி வைத்துத் தையுங்க. வேறு எந்தத் துணியாலும் அதைச் சொல்லமுடியாது.

அளவும் ஒரு பொதுத் துணியும்

ஆளுக்கு 2 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொள்வோம். 40 துண்டு சேர்ந்தால் 16 அடிக்கு 10 அடி. ஒரு மண்டபச் சுவரை நிறைக்கும். கவந்திக்கு மூலைப் பூ மாதிரி, நமக்கும் எல்லாவற்றையும் சேர்க்க ஒரு பொது அடையாளம் வேண்டும். 1983-லிருந்து பொங்கலுக்கு அரசு வேட்டி சேலை கொடுத்துவருகிறது. அந்தப் பொங்கல் சேலையில் ரெண்டு விரல் அகலம் கிழித்து, ஒவ்வொருவரும் ஓரம் கட்டலாம். இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு கிடைக்கும்.

இறந்துபோனவர்களின் புடவையை வெட்டச் சிலருக்கு மனசு வராது. வற்புறுத்தாதீங்க. முந்தானை ஓரத்தில் ஒரு விரல் அகலம் போதும். அதுவும் வேண்டாம்னா, முழுப் புடவையாகவே கண்காட்சியில் தொங்கவிடலாம்.

செல்போனை எதற்குப் பயன்படுத்தலாம்?

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைக்கும் வசதி இருக்கு. ஆனால் ‘இந்தத் தலைப்பு பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘இந்தத் தலைப்புக்கு உங்க வீட்டுல என்ன துணி இருக்கு? ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று கேளுங்க. எந்தத் தலைப்புக்குத் துணி வந்து குவிகிறதோ, அதுதான் ஊரின் தலைப்பு. நான் சொன்ன தண்ணியையும் இதே சோதனையில் போடுங்க. தோற்றால் விட்டுவிடுங்க.

போன் இல்லாதவர்களும், மகனுடைய போனை வாங்கிப் பேசுகிறவர்களும் நம்மிடையே நிறைய. அவர்கள் வாக்கு வாட்ஸ்அப்பில் விழாது. குழுவில் ரெண்டு பேர் தெருவுக்குள் போய், அவர்கள் சொல்வதைக் குரல்பதிவாக எடுத்து வரணும். அந்தப் பதிவையே பிறகு க்யூஆர் குறியீடாக்கிப் போர்வை பக்கத்தில் ஒட்டலாம். பார்க்க வருகிறவர் தன் போனில் ஸ்கேன் செய்தால், தைத்தவர் குரலிலேயே கதை கேட்கும். பதிவு எடுக்கும்போதும், பொதுவில் வைக்கும்போதும் அனுமதி கேளுங்க. செல்போன் எண், ஆதார் எண், வீட்டு முகவரி எதையும் அட்டையில் எழுதவேண்டாம்.

போர்வையின் பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணிப்பட்டையில் தைத்தவர் பெயர், வருஷம், துணி எங்கிருந்து வந்தது என்று எழுதித் தைத்துவிடுங்க. பெண்கள் கைவேலை பெரும்பாலும் பெயரில்லாமலேயே போயிருக்கு.

எங்கே நடத்துவது?

கோட்டைக்குள் நடத்த ஆசை இருக்கும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முன்அனுமதி கட்டாயம். பழைய சுவரில் ஆணி அடிப்பதோ கயிறு கட்டுவதோ கூடவே கூடாது. ஊருக்குள் ஒரு பள்ளி அரங்கமோ சமுதாயக் கூடமோ போதும். வயதானவர்கள் மலையடிவாரம் வரை அலையவும் வேண்டாம்.

இன்னொன்று. ‘எங்க தெருவுக்குத் தண்ணி இன்னும் சரியா வரலை’ என்று ஒரு போர்வை சொல்லலாம். அதை எடுத்துவிடாதீங்க, நடுவில் மாட்டுங்க. அதோடு, 1100 என்ற எண்ணில் அழைத்தோ முதல்வரின் முகவரி இணையதளத்திலோ அந்தக் குறையை மனுவாகவும் பதிவுசெய்து, ஒப்புகை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவையோ ட்ரங்க் பெட்டியையோ திறந்து, அடியில் இருக்கிற பழைய துணி ஒன்றை வெளியே எடுங்க. அதைப் பற்றி வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்க. தைப்பதை அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்.